கால் பங்கு முகம்

செம்மணற்பட்டினம் தொகுதியில் உலகம்மாளுக்கு இருந்த சொந்தச் சாதி ஓட்டு மொத்தம் நானூற்றுப் பதினேழு. வாக்காளர் பட்டியலை ஒரு வாரம் புரட்டி இதைக் கண்டுபிடித்தவர் அவருடைய தேர்தல் பொறுப்பாளர் வேலாயுதம்.

"எதிர்ல நிக்குத ஒருத்தருக்கு எழுபதாயிரம் பேரு 'நம்ம ஆளு'ங்கான். இன்னொருத்தருக்கு அறுபதாயிரம். உங்களுக்கு நானூத்திப் பதினேழு மேடம். அதுலயும் நூறு பேரு மும்பைல இருக்கான்."

உலகம்மாள் சிரித்தார். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். அந்த முப்பது வருடமும் அவர் அளந்தது ஒன்றே ஒன்றைத்தான்: கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை. செம்மணற்பட்டினத்தின் கிழக்குப் பாதிக்கும் உப்பளங்களுக்கும் இன்னும் பதினைந்து வருடம்தான் என்பது அவருக்குத் தெரியும். சுவர் எழுப்ப வேண்டும், அதை இந்தச் சட்டமன்றக் காலத்திலேயே தொடங்க வேண்டும். மற்ற இருவரும் கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவர் என்று சொன்னால் யார் நிலம் போகும் என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி ஓட்டைத் தின்றுவிடும். அதனால்தான் அவர் நின்றார். தோற்கத்தான் நின்றார் என்றும் சொல்லலாம்.

வேலாயுதம்தான் பிரிஸ்கில்லாவை அழைத்து வந்தார். இருபத்தொன்பது வயதான அவளும் அதே ஊர்க்காரி. பெங்களூரில் மொழிமாற்றுப் படங்களுக்கு நடிகர்களின் வாயசைவைத் திருத்தும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்த தேர்தல் அலுவலகத்தில், முதல் நாளே அவள் வேலாயுதத்தை உட்காரவைத்து ஒரு புகைப்படம் எடுத்தாள். பிறகு உலகம்மாள் பேசும் இரண்டு நிமிடக் காணொளியை இரண்டு முறை ஓடவிட்டாள்.

"அண்ணாச்சி, மொதல்ல பாத்தது நல்லாருக்கா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான்," வேலாயுதம் யோசிக்கவே இல்லை. "அதுல மேடம் மனசுலருந்து பேசுதாவ. மொதல்ல உள்ளது எழுதிக் குடுத்ததப் படிக்காப்புல இருக்கு."

"ரெண்டுலயும் பேச்சு ஒண்ணுதான் அண்ணாச்சி. ஒரு எழுத்துகூட மாறல. ரெண்டாவதுல கால் பங்கு உங்க முகம்."

வேலாயுதம் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு அருகில் உட்கார்ந்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பத்து நிமிடம் தேடியும் அவரால் தன்னை அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே இருந்தது உலகம்மாள்தான். பிரிஸ்கில்லா கால் பங்கை அரைப் பங்காக மெல்ல ஏற்றினாள். வேலாயுதம் சட்டென்று எழுந்துவிட்டார்.

"ஏ... எங்கம்மா!"

செத்து இருபது வருடமான தாயைத் திரையில் பார்த்தவராக அவர் கையெடுத்துக் கும்பிட்டார். உலகம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எப்படிம்மா இது?"

"நாம நம்ம முகத்த வாழ்நாள் பூரா கண்ணாடில பாக்கோம் மேடம். வீட்டாள்கிட்டயும் அதே சாயலப் பாக்கோம். அந்தச் சாயல் கொஞ்சம் தெரிஞ்சாப் போதும், மூளை 'இது நம்பலாம்'னு முடிவு பண்ணிரும். ஏன் நம்புதோம்னு நமக்கே தெரியாது. கால் பங்கு வரைக்கும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வாக்காளருக்கும் அவங்கவங்க முகத்துல கால் பங்கு சேத்து, உங்களத் தனித்தனியா அனுப்பலாம். குரலும் அப்படித்தான். அவங்க இழுக்கிற இழுப்பு கொஞ்சம் உங்க பேச்சுல வரும்."

"அவங்க முகம் நம்மகிட்ட எப்படி வரும்?"

"கட்சியோட குறைதீர்ப்புச் செயலி இருக்குல்லா. சேரும்போது எல்லாரும் முகத்தக் காட்டித்தான் சேருதாங்க. படத்தப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தலாம்னு நிபந்தனைல ஒரு வரி இருக்கு. யாரும் படிக்கிறதில்ல."

"சட்டம்?"

"வேட்பாளர் சொன்ன சொல்ல மாத்தக் கூடாதுன்னுதான் சட்டம். முகத்தப் பத்தி ஒண்ணும் இல்ல."

உலகம்மாள் ஜன்னலருகே போய் நின்றார். கீழே பழைய சுவரொட்டியின் மேல் புதிய சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாதி பாத்துப் போடுறாங்கன்னு நாம கொறை சொல்றோம். இதுவும் அதேதானே பிரிஸ்கி?"

"அதேதான் மேடம். ஆனா அதுல நம்ம ஆளுன்னு ஒருத்தன் இருந்தா, நம்ம ஆளு இல்லாதவன்னு ஒருத்தன் வெளிய நிக்கணும். இதுல யாரும் வெளிய நிக்க வேண்டாம். எல்லாருக்கும் நீங்க நம்ம ஆளு."

அந்தப் பதில் உலகம்மாளை அசைத்துவிட்டது. கடல் வருவது உண்மை, சுவரைப் பற்றிச் சொல்லப்போவதும் உண்மை, முகம் மட்டும்தான் பொய் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் சம்மதித்தார். தேர்தல் முடியும்வரை அவர் நேரில் ஓட்டுக் கேட்கப் போகவில்லை, சுவரொட்டியிலும் முகம் இல்லாமல் பெயரும் சின்னமும் மட்டும்தான் இருந்தன.

காணொளிகள் போன மூன்றாவது வாரம், பலன் எப்படி என்று பார்க்கப் பிரிஸ்கில்லா உப்புவிளைக்குப் போனாள். உப்பளத் தொழிலாளர்களின் காலனி அது. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். வேலை முடிந்து காலில் உப்புப் பூத்த பெண்கள் மூன்று பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு போனில் உலகம்மாள் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆளுல்லா இவுக," என்றாள் ஒருத்தி. "பேச்சப் பாத்தாலே தெரியல? எங்க அம்மா ஊருப் பக்கம்."

"போடி இவளே, உங்க ஆளா? நெத்தியப் பாரு, அது எங்க கூட்டத்து நெத்தி," என்றாள் இரண்டாமவள்.

மூன்றாமவள் மாடத்தி. நாற்பத்தைந்து வயது. சண்டையில் சேராமல் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாரு ஆளா இருந்தா என்ன," என்றாள். "நல்லவ. பாத்தாலே தெரியுது."

சண்டையைத் தீர்க்க மூன்று போன்களையும் பெஞ்சில் வரிசையாக வைத்தார்கள். மூன்று திரைகள், மூன்று வெவ்வேறு முகங்கள். ஒன்றின் கன்னம் மற்றதில் இல்லை. இதோ கண்டுபிடித்துவிடப்போகிறார்கள் என்று பிரிஸ்கில்லா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒண்ணுதானே," என்றாள் முதலாமவள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். போன்களை எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் ஏறி வரும் வழியெல்லாம் பிரிஸ்கில்லா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதிய நாலாயிரம் வரி நிரல் மனிதர்களுக்குள் இவ்வளவு ஆழத்தில் போய் எதையோ தொட்டிருக்கிறது. அந்த ஆழம் அங்கே இருப்பது அவர்களுக்கே தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், ஆளில்லாத கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவளைப் போலக் கூச்சமாகவும் இருந்தது.

உலகம்மாள் முப்பத்தோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நன்றி சொல்லப் போன அன்றுதான் அது தெரிந்தது. திறந்த ஜீப்பில் கைகூப்பி நின்றபடி உலகம்மாள் தெருத்தெருவாகப் போனார். ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள், பார்த்தார்கள். பிறகு அவர்கள் பார்வை ஜீப்புக்குள் வேறு யாரையோ தேடியது. கைதட்டல் எழுந்து பாதியில் நின்றது. பட்டாசு வெடித்தவர்கள்கூட இடத்தை மாற்றி வெடித்துவிட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உப்புவிளையில் மாடத்தி ரோஜா மாலையோடு வந்தாள். ஜீப்பின் அருகே வந்து அண்ணாந்து பார்த்தவள் மாலையை உயர்த்தவில்லை.

"அவுக வரலையா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா உலகம்மாள்."

மாடத்தி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாலையை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரிஸ்கில்லா மாடத்தி வீட்டைத் தேடிப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மாடத்தி பாயை விரித்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க அக்கா செல்லக்கனி செத்துப் பதினோரு வருசம் ஆச்சு," என்றாள். "ஒரு போட்டோகூடக் கெடையாது. அளத்துலருந்து வந்ததும் தெனமும் அந்த வீடியோவப் போட்டுப் பாப்பேன். பேசுதது கடலு, சுவருன்னு என்னவோ. எனக்கு அதெல்லாம் காதுல ஏறல. எங்கக்கா பேசுத மாதிரி இருக்கும். நேர்ல பாத்தா அவ இல்ல. ஏன் தாயி, மனுசருக்கு அப்படி முகம் மாறுமா?"

பிரிஸ்கில்லாவால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

மாடத்தி போனை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப எம் மொகத்தக் காட்டித்தான் எங்கிட்ட ஓட்டு வாங்கிருக்கிய."

"ஆமாக்கா."

"அது போனாப் போவுது. ஓட்டுதானே, யாருக்கோ போடுதது." அவள் குரல் உயரவில்லை. "மூணு மாசம் செல்லக்கனி திரும்ப வந்துட்டான்னு சந்தோசமா இருந்தேனே. இப்ப அவ ரெண்டாவது தடவ செத்துப் போனா. இத நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

அன்று மாலையே பிரிஸ்கில்லா, சேமித்து வைத்திருந்த ஒன்றரை லட்சம் முகங்களையும் அழித்தாள். நிரலையும் அழித்தாள். வேலாயுதத்துக்குச் சொல்லவில்லை, உலகம்மாளுக்கும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து உலகம்மாளின் மேசைக்குச் சுவரின் வரைபடம் வந்தது. அரசு ஒப்புக்கொண்டது ஆறு கிலோமீட்டர் சுவர். அதற்கு மேல் ஓரடி கிடையாது. பொறியாளர்கள் வடக்கே கடற்கரைச் சாலையிலிருந்து தெற்கே தெப்பக்குளம் வரை கோடு போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க உள்ளே. உப்புவிளை மட்டும் வெளியே. அங்கே உள்ளவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீடு தரப்படும். அங்கே உப்பளம் இல்லை.

உப்புவிளையை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் சுவரைத் தெற்கே வளைத்து நீட்ட வேண்டும். தெற்கே நீட்டினால் வடக்கே சுருக்க வேண்டும். அப்போது கடற்கரைச் சாலையின் அறுபது பெரிய வீடுகள் வெளியே போகும். அவர் தேர்தலுக்கு முதுகெலும்பாக நின்றவர்கள் எல்லாரும் அந்தச் சாலைக்காரர்கள். அவருடைய தகப்பனார் கட்டிய வீடும் அங்கேதான் இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் பிரிஸ்கில்லாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வரைபடத்தைக் காட்டினார்.

"கையெழுத்துப் போடப்போறேன்னு நெனைக்கிறேன்," என்றார். "கணக்குப்படி அதுதான் சரி. அதுக்கு முன்னால எனக்கு நீ ஒண்ணு செய்யணும். உன் மெஷினத் திருப்பிப் போடு."

"புரியல மேடம்."

"அன்னிக்கு அவங்க முகத்த என் மேல வச்சே. இப்ப என் முகத்த அவங்க மேல வை. உப்புவிளைல இருக்கிற ஒவ்வொருத்தர் மேலயும். கால் பங்கு, எனக்குத் தெரியாத மாதிரி. நான் அவங்களப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

"எதுக்கு மேடம்?"

உலகம்மாள் பேனாவை மூடி வைத்தார். "அவங்கள நெனச்சா எனக்கு இரக்கம் வருது, பிரிஸ்கி. இரக்கம் மட்டுந்தான் வருது. கடற்கரைச் சாலையை நெனச்சா தூக்கமே வரமாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு எனக்குத் தெரியுது. அவங்க என்னை நம்ம ஆளுன்னு நம்பி ஓட்டுப் போட்டாங்க. எனக்கு அவங்க நம்ம ஆளா இல்ல. மெஷினால அத மாத்த முடியும்னா மாத்திக் குடு."

மெஷின் இல்லை என்று பிரிஸ்கில்லா சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கணம் மேசைக்கு எதிரே ஒரு சட்டமன்ற உறுப்பினர் உட்கார்ந்து தன்னை ஏமாற்றும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை அவள் எங்குமே பார்த்ததில்லை.

"பத்து நாள் ஆகும் மேடம்," என்றாள்.

ஒரு சாதாரணக் கேமராவை எடுத்துக்கொண்டு ஒன்பது நாள் உப்புவிளைக்குப் போனாள். ஆளுக்கு ஒரு நிமிடம். பெயர், வேலை, வாயில் வந்தது எதுவானாலும் பேசலாம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே பேசினார்கள், துணி துவைத்துக்கொண்டே பேசினார்கள். ஒருவர் கேமராவைப் பார்த்துப் பாடினார், ஒருத்தி தன் மாமியாரைத் திட்டினாள். நானூறு பேர் ஆனார்கள். மாடத்தி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எம் மொகத்த ஒரு தடவ எடுத்ததே போதும். என்னிய விட்டுரு தாயி."

பத்தாம் நாள் காலையில், எடுத்ததை எடுத்தபடியே பிரிஸ்கில்லா உலகம்மாளிடம் கொடுத்தாள். ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றவில்லை. ஒரு மணி நேரத்தில் உலகம்மாள் நிமிர்ந்து, இதில் ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிடுவார், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முதல் இருபது பேரை உலகம்மாள் அறிக்கை படிப்பதைப் போலப் பார்த்தார். இருபத்தொன்றாவது ஆள் பட்டமுத்து என்ற கிழவர். உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, எண்பத்திரண்டு வயதாகியும் தனக்கு இன்னும் பல் விழவில்லை என்று சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார். உலகம்மாள் காணொளியை நிறுத்தினார்.

"மூக்கைப் பாரு," என்றார் மெதுவாக. "என் மூக்கு."

பிரிஸ்கில்லா பார்த்தாள். கிழவரின் மூக்கு தட்டையாக, அகலமாக இருந்தது. உலகம்மாளுடையது கூர் மூக்கு.

"என்ன நேர்த்தியா வச்சிருக்கே!" என்றார் உலகம்மாள்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. இவள் சிரிப்பது நான் சிரிப்பது என்றார். இந்தப் பையனுக்கு என் காது என்றார். மாமியாரைத் திட்டிய பெண்ணைப் பார்த்து, நானும் இப்படித்தான் புருவத்தைத் தூக்குவேன் என்று சொல்லித் தன் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். சாப்பாடு வந்தது, அப்படியே ஆறிப்போனது. ஒருத்தி, குழந்தை மஞ்சள்காமாலையில் போனதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி உப்பை வாரத் தொடங்கினாள். அங்கே உலகம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிரிஸ்கில்லாவின் மெஷின் எதைச் செய்ததோ அது, மெஷினே இல்லாமல், அவள் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. பார்க்கப்போவது தன் முகம் என்று நம்பிவிட்ட ஒரு மனுஷி, பார்த்த இடத்திலெல்லாம் தன்னைக் கண்டுகொண்டிருந்தார். பொய் சொன்ன பயம் எங்கோ போய்விட்டது. குறுக்கே ஒரு சொல் போட்டால் கலைந்துவிடுமோ என்ற பயம்தான் இருந்தது.

நான்கு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, நானூறு பேரையும் உலகம்மாள் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஐந்தாம் நாள் பொறியாளர்களை வரச்சொல்லி, பென்சிலால் வரைபடத்தின் மேல் தானே கோடு போட்டார். கோடு தெற்கே வளைந்து உப்புவிளையைச் சுற்றி வந்தது. வடக்கே கடற்கரைச் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றது.

"மேடம், உங்க வீடு," என்றார் வேலாயுதம்.

"தெரியுது."

"அடுத்த எலெக்சன்..."

"அதுவும் தெரியுது வேலாயுதம்."

அடுத்த தேர்தலில் அவர் நாற்பத்தேழாயிரம் ஓட்டில் தோற்றார். கடற்கரைச் சாலைக்காரர்கள் முழுமூச்சாக எதிர்த்தார்கள். முகத்தை மாற்றக்கூடாது என்று சட்டமும் அதற்குள் வந்திருந்தது. அவருடைய சொந்த முகத்தோடு ஓட்டுக் கேட்டபோது, ஊருக்கு அவர் யாரோ ஒருவர்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தகப்பனார் வீட்டைக் காலி செய்துவிட்டு மேற்கே வாடகை வீட்டுக்குப் போனார்.

சுவர் முடிந்த மறு ஆண்டு ஐப்பசியில் புயல் வந்தது. கடல் மூன்று நாள் சுவரில் மோதியது. நான்காம் நாள் காலை வெயில் அடித்தபோது உலகம்மாளும் பிரிஸ்கில்லாவும் சுவரின் மேல் ஏறிப் போனார்கள். வடக்கே தூரத்தில், கடற்கரைச் சாலை இருந்த இடத்தில் தண்ணீர் பளபளத்தது. மேற்கே, காலடியில், உப்புவிளை காய்ந்து கிடந்தது. கொடிகளில் துணி ஆடியது. ஒரு வாசலில் மாடத்தி பாயை உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாதபடி, மறுபடி பாயை உதறினாள். அவ்வளவு பெரிய கடலுக்கும் இந்தச் சின்னச் சின்ன வீடுகளுக்கும் நடுவே ஆறடி அகலக் கல்தான் இருந்தது.

பிரிஸ்கில்லாவால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"மேடம், அந்த நானூறு வீடியோ... அதுல நான் ஒண்ணுமே செய்யல. மெஷின நான் அதுக்கு முன்னாலயே அழிச்சிட்டேன். நீங்க பாத்தது அவங்க முகத்தத்தான். முழுசா அவங்க முகம்."

உலகம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"போடி. ஆறு வருசம் கழிச்சு எனக்குச் சமாதானம் சொல்றியா? பொய்யில ஜெயிச்சவ, கடைசிலயாவது உண்மையா நடந்தேன்னு நான் நெனச்சுக்கணும், அதானே? வேண்டாம். நீ வச்சது எனக்குத் தெரியும். அந்தப் பல்லுக்காரர் மூக்கு ஒண்ணே போதும்."

"சத்தியமா மேடம்..."

"சும்மா இரு."

சுவரின் படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். பட்டமுத்து. எண்பத்தெட்டு வயது. புயல் எதுவரை வந்தது என்று பார்க்க வந்திருந்தார். உலகம்மாள் அவரைக் கைபிடித்து மேலேற்றித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப பாத்துச் சொல்லு," என்றார்.

காலை வெயிலில் இரண்டு முகங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிரிஸ்கில்லா பார்த்தாள். மூக்கு, நெற்றி, காது, தாடை எல்லாவற்றையும், அந்தத் தொழிலைக் கற்ற கண்ணோடு, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் ஒற்றுமை இல்லை. ஒரு துளி இல்லை.

"என்னம்மா பாக்கா இந்தப் புள்ள?" என்று கிழவர் கேட்டார்.

"நம்ம ரெண்டு பேர் மூக்கும் ஒண்ணுபோல இருக்காம், அதைத்தான் பாக்கச் சொன்னேன்."

பட்டமுத்து உலகம்மாளின் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கி, நிதானமாக உற்றுப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "எங்க வீட்டு மூக்குல்லா அது."